கண்டக்டர் அத்தையின் இரண்டு தட்டு

என் மாமியார் வாழ்நாளில் ஒரு நாள்கூட ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனாலும் ஆறு வருஷமாக அந்த வீட்டுக் காரைப் பாதிக்குமேல் ஓட்டிக்கொண்டிருந்தது அவர்தான். இது எனக்குத் தெரியவந்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம். தெரிந்த பிறகும் ஓர் இரவு முழுக்கச் சும்மா இருந்தேன். அதற்காக என்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அத்தை பஸ் கண்டக்டர். இருபத்தொன்பது வருஷம். அந்த டிப்போவில் கண்டக்டராகச் சேர்ந்த முதல் மூன்று பெண்களில் ஒருவர். மற்ற இரண்டு பேரும் வருஷம் திரும்புவதற்குள் ஆபீஸ் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் போகவில்லை. "உக்காந்து எழுதற வேலைன்னா எனக்குத் தூக்கம் வந்துடும்" என்பார். நின்றுகொண்டே பார்த்த வேலையின் பலன் இப்போது இரண்டு முழங்காலிலும் இருக்கிறது. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. படியில் தொங்குகிறவனை "உள்ள வா" என்று ஒரு தடவைதான் கூப்பிடுவார். இரண்டாவது தடவை கிடையாது, வண்டியை நிறுத்திவிடுவார்.

நிறுத்துவது என்றால் மணி அடித்து. அந்தக் காலத்துப் பஸ்ஸில் கூரையோரமாக ஒரு கயிறு ஓடும். கண்டக்டர் பின்னாலிருந்து அதை இழுத்தால் டிரைவர் தலைக்குமேல் மணி அடிக்கும். ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு மணி என்றால் கிளம்பு. முன்னால் இருப்பதெல்லாம் டிரைவர் பொறுப்பு. இடதுபக்கம், பின்பக்கம், படிக்கட்டு, ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாம் கண்டக்டர் பொறுப்பு. ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது. இரண்டு மணி விழாமல் வண்டி ஓரடி நகரக் கூடாது.

அந்த டிரைவர்தான் என் மாமனார். முதல் பதினொரு மாதம் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தும் இருவருக்கும் நடுவே மணியைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லையாம். ஒரு நாள் நிறுத்தமே இல்லாத இடத்தில் ஒரு மணி அடித்து வண்டியை நிறுத்திவிட்டு, முன்னால் நடந்து வந்து, "நாளைக்கு எங்க வீட்ல வந்து பேசுங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போய் இரண்டு மணி அடித்தாராம் அத்தை. மாமா இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் அத்தை, "அங்க ஒருத்தர் இறங்க வேண்டியிருந்துச்சு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஓய்வு பெற்ற பிறகும் மணி அவரை விடவில்லை. சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் பரிமாறி முடிந்ததும் விரல் முட்டியால் மேஜையில் இரண்டு தட்டு. அதற்கு முன் யாரும் வாயில் வைக்க முடியாது. பேச்சு எல்லை மீறினால் ஒரு தட்டு. கல்யாணமான புதிதில் ஏதோ அரசியல் பேசப்போய் நானே ஒன்று வாங்கியிருக்கிறேன். காரில் ஏறினால் முன்சீட்டில் இடதுபக்கம் உட்கார்ந்து, எதிரே இருக்கிற டேஷ்போர்டு பெட்டியின் மூடியில் தட்டிக்கொண்டே வருவார். ஒரு தட்டுக்கு மாமா நிறுத்துவார், இரண்டு தட்டுக்கு எடுப்பார். பின்சீட்டில் நாங்கள் சிரிப்போம். பழக்க தோஷம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புதன்கிழமை மாமா என்னைக் கூப்பிட்டு, "ஹாரன் அடிக்க மாட்டேங்குது மாப்ள, கொஞ்சம் பாருங்க" என்றார். அந்தக் காரில் ஃபியூஸ் எல்லாம் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியை வெளியே இழுத்தேன். பின்சுவரில் இரண்டு தாள்கள் மடித்துச் செருகியிருந்தன. மாமா பெயர் போட்ட கண் ஆஸ்பத்திரித் தாள்கள்.

தலையை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் நீட்டி, எந்தெந்தப் பக்கம் வெளிச்சப் புள்ளி தெரிகிறது என்று பொத்தானை அமுக்கிக் காட்டுகிற சோதனை. முடிவை வட்டமாக வரைந்து கொடுப்பார்கள். தெரியாத இடம் கறுப்பு. முதல் தாள் ஆறு வருஷத்துக்கு முந்தியது. வட்டத்தின் இடது ஓரம் மட்டும் கறுத்திருந்தது. இரண்டாவது நாலு மாதத்துக்கு முந்தியது. அதில் கறுப்பு ஓரத்திலிருந்து நகர்ந்து நடு வரைக்கும் வந்துவிட்டது. கீழே டாக்டர் கையெழுத்தில் "வண்டி ஓட்டக் கூடாது" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது.

நான் லிப்ட் மெக்கானிக். பிரேக் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொள்வேன். பத்தாவது மாடிக்காரர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி, தொண்டை கிழியக் கத்தினாலும் சரி, படியேறிப் போங்கள் என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான் இரண்டாவது தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதல் தாளை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, புது ஃபியூஸ் போட்டுப் பெட்டியை மூடி, "ஹாரன் சரியாயிடுச்சு மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் எகிறலாம். மாமனார் முன்னால் போய் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். அவள் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"இடதுபக்கம் கொஞ்சம் மங்கல்னு அம்மாவுக்குத் தெரியும். அதுக்குத்தானே தட்டிக்கிட்டே வர்றாங்க" என்றாள். "நடு வரைக்கும் வந்துடுச்சுன்னு அப்பா யாருகிட்டயும் சொல்லல."

"அப்ப இத்தனை வருஷமா உனக்கும் தெரியுமா?"

"கொஞ்சம்தான் தெரியும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் எதையும் செய்யவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, அத்தைக்கு முழங்கால் பயிற்சி நாள். வாரத்தில் இரண்டு நாள் போகாவிட்டால் கால் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். பஸ் படி அவருக்கு எட்டாது. இருபத்தொன்பது வருஷம் ஏறி இறங்கிய படி. கார் நின்றுவிட்டால் அத்தை வீட்டோடு முடங்கிவிடுவார் என்பதுதான் மாமாவின் பயம். மாமா தாளை ஒளித்துவைத்தது எதற்காக என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் தப்புச் செய்தோம்.

"ஞாயித்துக்கிழமை நேர்ல உக்காந்து பேசிடலாம்" என்றாள் மனைவி. "அவங்க மனசு நோகாம சொல்லணும். மூணு நாள்ல என்ன ஆயிடப் போகுது."

நான் தலையை ஆட்டினேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. காலையில் மாமா வீட்டுக்குப் போய், பைக் ரிப்பேர் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு, வேலைக்குப் போகிற வழியில் இறக்கிவிடச் சொல்லி அவர்களோடு காரில் போக நின்றேன். சட்டைப்பையில் தாள் இருந்தது.

"நான் ஓட்டறேனே மாமா, நீங்க சாவகாசமா வாங்க" என்று கையை நீட்டினேன்.

மாமா சாவியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். "எழுபது பேரை வச்சு ஓட்டினவன் மாப்ள நான். மூணு பேருக்கு மாத்து டிரைவர் கேக்குதா? பின்னாடி ஏறுங்க."

ஏறினேன். அத்தை ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்து, கதவை இழுத்து மூடி, இடது கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்து, டக் டக் என்றார். கார் நகர்ந்தது.

அதுவரை நான் அந்தத் தட்டைக் கேட்டிருக்கிறேனே தவிர, அத்தையைப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த அம்மாளுக்குக் கழுத்து ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. இடது கண்ணாடி, பின்பக்கம், நடைபாதை, திரும்ப இடது கண்ணாடி. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். காதைக் கொடுத்துக் கேட்டேன். "சைக்கிள் ஒண்ணு வருது. போயிடுச்சு. பையோட ஒரு பொண்ணு, ஓரமாத்தான் போகுது." கணக்கு ஒப்பிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல். மாமாவின் கால் மட்டும் கேட்டுக்கொண்டது.

முதல் சந்திப்பில் இடதுபக்கத்திலிருந்து ஒரு பால் வண்டி வந்தது. ஒரு தட்டு. கார் அந்த நொடியே நின்றது. வண்டி போனதும் இரண்டு தட்டு. மாமாவின் கை பதறவில்லை, வேகம் கூடவில்லை, நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. தாளைப் படிக்காதவன் பார்த்தால் இவரைப்போல ஓட்டுகிறவர் உண்டா என்பான். தாளைப் படித்த நான் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அத்தை இடதுபக்கத்தைப் பார்த்துக்கொள்கிறார், சரி. முன்னால் மாமா பார்த்துக்கொள்கிறார் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். காரின் இடது முன் மூலை மாமாவுக்கு இருட்டு. அதை யார் பார்ப்பது?

அதன் பிறகு அந்த மூலையை நான் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு.

"என்ன மாப்ள, எட்டி எட்டிப் பாக்கறீங்க?" என்றார் மாமா. "செக்கிங்கா? நாங்க டிக்கெட் எல்லாம் கொடுத்தாச்சு."

அத்தை சிரித்தார். நானும் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "மாமா, வண்டியை ஓரங்கட்டுங்க" என்று ஐந்து வார்த்தைக்குள் முடிந்திருக்கும். நான் சொன்னது, "இல்ல மாமா, சும்மாதான்."

பயிற்சி நிலையத்துக்கு மருந்துக்கடை முனையில் இடதுபுறம் திரும்ப வேண்டும். அங்கே சிக்னல் கிடையாது. நடக்கிறவர்களுக்கு வெள்ளைக் கோடு மட்டும் போட்டிருக்கும். கோட்டுக்கு முன்னால் அத்தை ஒரு தட்டுத் தட்டினார், கார் நின்றது. நாலைந்து பேர் கடந்து போனார்கள். இடதுபக்கம் பின்னாலிருந்து ஒரு சைக்கிள்காரர் வந்தார். அத்தை அவரைக் கண்ணாடியில் பிடித்து, அவர் எங்களைத் தாண்டுகிற வரைக்கும் கூடவே கழுத்தைத் திருப்பினார். தாண்டியதும் டக் டக்.

தட்டிவிட்டு அவர் முன்னால் பார்க்கவில்லை. பின்பக்கம் பார்த்தார். அது பஸ்ஸில் வந்த வழக்கம். மணி அடித்த கையோடு, கடைசி நிமிஷத்தில் எவனாவது ஓடிவந்து படியில் தொற்றுகிறானா என்று பின்னால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அந்த வழக்கத்தால் எத்தனையோ உயிரை அவர் காப்பாற்றியிருக்கிறார். முன்னால் பார்க்கத்தான் டிரைவர் இருக்கிறாரே.

அப்போது மருந்துக்கடைப் படியிலிருந்து ஒருவர் வெள்ளைக் கோட்டில் இறங்கினார். எண்பது வயதிருக்கும். காய்கறி போட்டு இழுத்துக்கொண்டு போகிற சக்கரப் பை ஒரு கையில். இன்னொரு கையைத் தூக்கி எங்களைப் பார்த்து ஆட்டினார். முகம் கொள்ளாத சிரிப்பு. மாமாவின் முகம் நேராக அவரைப் பார்த்துத்தான் இருந்தது. பார்க்கிற முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அடியெடுத்து வைத்தார். தெரிந்த முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது யார்தான் பயப்படுவார்கள்.

கார் நகர்ந்தது. நிதானமாக, வளைவில், நேரே அவர்மேல்.

கத்தியிருந்தால் அந்த மனிதர் போயிருப்பார். "என்ன மாப்ள" என்று மாமா திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். என்ன தோன்றியதோ, கையை முஷ்டியாக்கிக் காரின் கூரையில் ஓங்கி ஒரே ஒரு குத்துக் குத்தினேன்.

கார் நின்றது. அந்த ஒரு சத்தம் மாமாவின் காதுக்குப் போனதா, நேராகக் காலுக்குப் போனதா, தெரியாது. சட்டென்று நின்றது. ஆனால் அந்தப் பெரியவர் என் கண்ணில் படவில்லை. பம்பருக்குக் கீழே சக்கரப் பை நசுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அவர் சாலையில் உட்கார்ந்திருந்தார். பை பம்பரில் மாட்டி அவரை உட்கார வைத்துவிட்டது. அவர் முட்டிக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. உருளைக்கிழங்குகள் நாலாபக்கமும் உருண்டு கிடந்தன. அவரைத் தூக்கி நிறுத்தினேன். எலும்பு முறிந்ததாகத் தெரியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு அத்தையின் கதவுப் பக்கம் நடந்து வந்தார். அத்தை கதவைத் திறந்து இறங்கப் பார்த்தார், முழங்கால் மடங்கவில்லை. அவரைப் பார்த்ததும், "அய்யோ, பின்சீட்டுக்காரரா" என்றார். அவர்களுடைய பஸ்ஸில் இருபது வருஷம் தினமும் கடைசி சீட்டில் வந்த பயணி. ஆள் பெயர் அத்தைக்குத் தெரியாது, சீட்டுதான் தெரியும்.

"எனக்கு ஒண்ணுமில்ல கண்டக்டரம்மா" என்றார் அவர். பிறகு குனிந்து உள்ளே மாமாவைப் பார்த்தார். "டிரைவரண்ணே, என்னைப் பாத்துக்கிட்டேதானே இருந்தீங்க. நான் கையைக் காட்டினேனே. பாத்துட்டுத்தான் நிக்கறீங்கன்னு நினைச்சேன்."

பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டு அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் காருக்குத் திரும்பி, திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நேரா முன்னாடிதானே வந்தாரு" என்றார் அத்தை. "முன்னாடி உங்க பொறுப்பில்லையா?"

மாமா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, தெரியலியா?"

"தெரியல."

"எதுவரைக்கும் தெரியல?"

அத்தை, "தலையைத் திருப்பாதீங்க. நேரா ரோட்டைப் பாருங்க" என்றார். தன் கையை இடது ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தார். "தெரிஞ்சதும் சொல்லுங்க."

கையை மெதுவாக உள்பக்கம் நகர்த்தினார். தன் முகத்துக்கு நேரே வந்தது. மாமா பேசவில்லை. டேஷ்போர்டின் நடுவுக்கு வந்தது. பேசவில்லை. அத்தை கையை, மேலே தொங்கும் கண்ணாடியைத் தாண்டி, ஸ்டியரிங்கின் விளிம்பு வரைக்கும் கொண்டுபோனார்.

"இப்ப" என்றார் மாமா.

அத்தை கையை அங்கேயே வைத்துக்கொண்டு அந்தத் தூரத்தைப் பார்த்தார். ஜன்னலிலிருந்து ஸ்டியரிங் வரைக்கும்.

"எத்தனை நாளா?"

"நாலு மாசம்." பிறகு, "உன் காலு" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"நாலு மாசமா நான் யாருக்குத் தட்டிக்கிட்டிருந்தேன்" என்றார் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை. தன்னையே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

பின்னால் ஏழெட்டு வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஓரமா நிறுத்திடறேன். வழி விடணும்ல. தட்டு."

அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"தட்டும்மா. எல்லாரும் நிக்கறாங்க."

"மாட்டேன்."

"பத்தடிதான்."

"அவரும் பத்தடியிலதான் நின்னாரு."

மாமா நினைத்திருந்தால் எடுத்திருக்கலாம். சாவி வண்டியில், கால் பெடலில். தடுக்க யாராலும் ஆகியிருக்காது. ஆனால் டக் டக் விழாமல் வண்டியை எடுக்க அவர் காலுக்குத் தெரியாது. டேஷ்போர்டு பெட்டி மூடியைப் பார்த்தபடி காத்திருந்தார். பின்னால் ஒருவன் கீழே இறங்கி வாய்க்கு வந்தபடி திட்டினான். மாமா அவனைச் சட்டை பண்ணவில்லை. அத்தையின் கை மடியைவிட்டு எழும்பவில்லை. ஒரு நிமிஷம் போயிருக்கும், எனக்கு ஒரு மணிநேரமாகத் தெரிந்தது.

கடைசியில் மாமா எஞ்சினை நிறுத்தினார். சாவியை உருவி, நான் நின்ற பக்கம் பார்க்காமல், அத்தையின் கைக்குள் வைத்தார். அத்தை விரல்களை மூடிக்கொண்டு அழுதார். டிப்போவே பயந்த அந்த அம்மாள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் கதவை விட்டுவிட்டுக் காருக்குப் பின்னால் போனேன். நடுரோட்டில் நின்று கையைக் காட்டி, வண்டிகளை ஒவ்வொன்றாக வலதுபக்கம் சுற்றி அனுப்பினேன். கையைத் தூக்கும்போதெல்லாம் சட்டைப்பையில் அந்தத் தாள் மொடமொடத்தது. காலையில் மடித்து வைத்த மடிப்பு இன்னும் பிரிக்காமலே இருந்தது.